வர்ச்சுவல் பாய்: பசை போன இடத்தில் ஈயம்

இடது கண்ணில் மட்டும் படம் கோடு கோடாகப் பிய்ந்து தெரிகிறது. வலது கண்ணில் அதே காட்சி பளிச்சென்று இருக்கிறது. பெட்டியை லேசாகத் தட்டினால் கோடுகள் இடம் மாறுகின்றன. சில சமயம் தானாகவே காணாமல் போய், ஆட்டத்தின் நடுவில் மறுபடி வந்து நிற்கின்றன. நிண்டெண்டோவின் வர்ச்சுவல் பாய் வைத்திருக்கும் யாரிடம் இதைச் சொன்னாலும், "ரிப்பன் கேபிள் பசை போயிருக்கும்" என்ற பதில்தான் வரும். 1995 ஜூலையில் ஜப்பானில் கடைக்கு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கேயே கைவிடப்பட்ட, முகத்தைப் பதித்து இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு படம் பார்த்து ஆடும் விளையாட்டுக் கருவி இது. ரிப்பன் கேபிள் என்பது படம் காட்டும் விளக்குகளைப் பலகையோடு இணைக்கும் மெல்லிய பட்டை. இன்று மிச்சமிருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாகடித்துக்கொண்டிருப்பது அதை ஒட்டிய பசை.

அதைச் சரிசெய்த வேலையைத்தான் எழுதுகிறேன். ஆனால் வெறும் சால்டர் வேலையாக எழுத மனம் வரவில்லை. இந்தக் கருவியைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் குறைகளில் பாதிக்கு மேல், உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாகத்தில் போய் நிற்கின்றன. நான் கழற்றிப் பழுது பார்த்ததும் அதே பாகத்தைத்தான்.

முதலில் படம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் திறந்தால் எதைத் தேடுகிறோம் என்பதே புரியாது.

உள்ளே திரை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைச் செங்குத்தாக அடுக்கிய ஒற்றைப் பத்தி, அவ்வளவுதான். அதன் எதிரே லென்ஸ், லென்ஸுக்கு அப்பால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி. அந்தக் கண்ணாடி நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அது ஒரு கோணத்தில் இருக்கும்போது விளக்குப் பத்தி படத்தின் முதல் செங்குத்து வரிசையைக் காட்டும். ஒரு துளி திரும்பியதும் அடுத்த வரிசை, அப்புறம் அடுத்தது. இப்படி 384 வரிசைகள். இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதே, கண்ணின் அதே இயல்பை நம்பித்தான் 384×224 புள்ளிகள் கொண்ட முழுப் படம் உருவாகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஊசலாடும் எதுவும் நடுவில் வேகமாகவும் இரு ஓரங்களில் மெதுவாகவும் போகும். எல்லா வரிசைகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் படம் ஓரங்களில் நெருங்கியும் நடுவில் அகன்றும் தெரியும். அதனால் எந்த வரிசைக்கு எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்றைப் பார்த்துப் பார்த்துத்தான் விளக்குகள் எரிகின்றன. இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, ஒன்று முடிந்து மற்றொன்று. கருவியை இயக்கியதும் வரும் மெல்லிய ரீங்காரம் இந்தக் கண்ணாடிகளின் ஓசைதான்.

இதைப் புரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்பதும் பாதி பிடிபட்டுவிடும். ஒரு எல்.இ.டி. படத்தின் ஒரு முழுப் படுக்கை வரியை வரைகிறது. ஆகவே விளக்குப் பத்திக்குப் போகும் இணைப்பு விட்டுப்போனால், கெடுவது படுக்கை வரிகள்தான். கண்ணாடியின் ஓட்டத்தில் பிரச்சினை என்றால் படம் நடுங்கும், இழுபடும். மைய மின்சுற்றுப் பலகையில் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் தெரியும். ஒரு கண்ணில் மட்டும், படுக்கைக் கோடுகள் மட்டும் என்றால் அது ரிப்பன் கேபிள்.

திறப்பதற்கு 4.5 மி.மீ. கேம்பிட் வேண்டும். நிண்டெண்டோ தன் பழைய கருவிகளில் போட்டிருக்கும் தனி வகை ஸ்க்ரூ இது; சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இதற்கு ஆகாது. வாங்கும்போது தண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சில ஸ்க்ரூக்கள் ஆழமான குழிக்குள் இருப்பதால் குட்டைத் தண்டு எட்டாது, தடித்த தண்டு நுழையாது. பேனாக் குழாயை உருக்கி அச்செடுத்துத் திறக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். முப்பது வயதான பிளாஸ்டிக்கில் இறுகிக் கிடக்கும் ஸ்க்ரூவின் தலையை மழுங்கடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. சரியான கருவி கைக்கு வரும்வரை காத்திருப்பதே மேல்.

காட்ரிட்ஜை எடுத்து, கண்ட்ரோலரைக் கழற்றி, தாங்கியையும் முகத்தில் படியும் கருப்பு மறைப்பையும் பிரித்து வைத்தேன். தாங்கியின் பிடிப்பு மெலிதான பிளாஸ்டிக், அவசரப்பட்டால் உடையும். உடல் இரண்டாகப் பிரிந்ததும் உள்ளே ஒரு சட்டத்தில் இரண்டு காட்சிப் பெட்டிகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள திருகு அவற்றை நெருக்கவும் விலக்கவும் செய்யும். அது அவரவர் கண்களுக்கு இடையிலான தூரத்துக்காக. பக்கத்தில் இருக்கும் தள்ளுவிசை குவியத்துக்காக. முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பொறி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இந்த அளவுக்குக் கண்ணைப் பற்றி யோசித்துச் செய்த விளையாட்டுக் கருவி அந்தக் காலத்தில் வேறு எது இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காட்சிப் பெட்டியில் கண்ணாடி இருக்கும் பக்கம் கை வைக்கவே இல்லை. அது மிக லேசான அச்சில் ஆடுவது, துடைக்கப் போனால் கீறல் விழும். ரப்பர் பந்தால் காற்று ஊதித் தூசியைத் தள்ளியதோடு சரி. விளக்குப் பத்தி இருக்கும் பாகத்தைத் தனியே கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன்.

கோளாறு அங்கே கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. விளக்குப் பத்தியிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன் ஒரு சின்னப் பலகையில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ஈயமும் இல்லை, கிளிப்பும் இல்லை. மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரிப்பனின் ஒரு ஓரம் மயிரிழை உயரத்துக்குப் பலகையை விட்டு எழும்பியிருந்தது. விரல் நகத்தால் அழுத்திவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் இணைப்பு காட்டும், விரலை எடுத்தால் போய்விடும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி பரவலாக உண்டு. வெப்பக்காற்றாலோ, அடுப்பின் இளஞ்சூட்டிலோ பசையை இளக்கி, மேலே அழுத்தம் கொடுத்து மறுபடி ஒட்டவைப்பது. கோடுகள் போகும், உண்மைதான். ஆனால் கெட்டுப்போன பசை சூடு பட்டதால் புதிதாகிவிடாது. கொஞ்ச காலத்தில் அதே கோடுகள் திரும்பும். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் லென்ஸும் சேர்ந்து வேகின்றன. இருக்கிற பெட்டிகளே குறைவு. அதில் ஒன்றை அடுப்பில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. பசையை முழுதாக எடுத்துவிட்டு ஈயம் வைப்பதுதான் நிலைத்து நிற்கும் வழி.

வேலை இப்படிப் போனது. ரிப்பனின் நுனியை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பிரித்தேன். இழுக்கக் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அடியில் செருகி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பலகையில் மிச்சமிருந்த பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். பசை போனதும் அடியில் இருந்த தடங்கள் பளபளப்பாகத் தெரிந்தன. அவை ஈயத்தை நன்றாக ஏற்றுக்கொள்கின்றன.

கடினமான கட்டம் ரிப்பனின் பக்கம் இருக்கிறது. தாமிரத் தடங்கள் பிளாஸ்டிக்கின் அடிப்புறத்தில் இருப்பதால், மேலிருந்து ஈயம் வைக்க வேண்டுமென்றால் அந்த நுனியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்துத் தாமிரத்தைத் திறந்துவிட வேண்டும். புதுக் கத்தி முனை வேண்டும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, தடம் போகிற திசையிலேயே சுரண்ட வேண்டும். குறுக்கே போனால் தடம் அறுந்துவிடும். ரிப்பனைக் கண்ணாடித் துண்டின் மேல் படிய வைத்து, கிட்டத்தட்ட கத்தியின் எடை மட்டுமே அழுத்தும்படி இழுத்தேன். முதலில் வெள்ளைத் தூளாகப் பிளாஸ்டிக் உதிரும். பிறகு ஒரு கட்டத்தில் கத்தியின் சத்தமே மாறும், தாமிரத்தின் செம்மை எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்த வேலையில் பொறுமை மட்டும் போதாது. கை சோர்ந்ததும் எழுந்துவிடுகிற ஒழுங்கும் வேண்டும்.

தாமிரம் திறந்ததும், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாகப் பூசி, தடங்களுக்கு மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்தேன். பலகைக்கும் அப்படியே. பிறகு ரிப்பனைப் பலகையின் தடங்களுக்கு நேராகப் பொருத்தி, வெப்பம் தாங்கும் டேப்பால் அசையாமல் ஒட்டினேன். நேர் பார்ப்பதில் அவசரம் கூடாது. முதல் தடம் நேராகவும் கடைசித் தடம் அரைத் தடம் விலகியும் இருந்தால் எல்லாமே பக்கத்துத் தடத்தில் போய் ஒட்டும். இரு முனைத் தடங்களுக்கும் முதலில் ஈயம் வைத்துவிட்டு, மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்து, அதற்குப் பிறகுதான் நடுவில் உள்ளவற்றுக்குப் போனேன். ஊசி போன்ற முனை, சூடு அளவோடு, ஒவ்வொரு தடத்திலும் முனை ஒரு கணம் பட்டு எடுபட வேண்டும். அதற்கு மேல் நின்றால் பிளாஸ்டிக் சுருங்கித் தாமிரம் பெயர்ந்துவிடும்.

முடிந்ததும் ஃபிளக்ஸைக் கழுவி, ஒவ்வொரு தடமும் பலகையோடு சேர்ந்திருக்கிறதா, பக்கத்துத் தடத்தோடு சேராமல் இருக்கிறதா என்று இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். சேராமல் இருப்பதைப் பார்ப்பதுதான் முக்கியம். மின்சாரம் போகும் தடமும் தகவல் போகும் தடமும் ஒட்டிக்கொண்டால் கோடு போகாது, விளக்குப் பத்தியே போய்விடக்கூடும். மாற்றுப் பாகம் என்பது இன்னொரு வர்ச்சுவல் பாயைப் பிரித்தால்தான்.

வலது கண் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதையும் பிரித்து ஈயம் வைத்துவிட்டேன். அதே பசை, அதே வயது. இன்று வேலை செய்கிறது என்பதற்காக விட்டுவைத்தால் இன்னொரு நாள் இதே பெட்டியை மறுபடி திறக்க வேண்டிவரும். ஒவ்வொரு திறப்பும் பழைய பிளாஸ்டிக்குக்குச் சோதனைதான்.

குறைகளில் பாதிக்கு மேல் ஒரே பாகத்தில் போய் நிற்கின்றன என்றேனே, இனி அந்த விளக்குப் பத்திக்கு வருகிறேன்.

இந்த ஒற்றைப் பத்தி முறை நிண்டெண்டோவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ரிஃப்ளெக்ஷன் டெக்னாலஜி என்ற நிறுவனம் ஒரு கண்ணில் பார்க்கும் சிறு காட்சிக் கருவியாக இதைச் செய்து வைத்திருந்தது. அதைப் பார்த்து விளையாட்டுக் கருவியாக்க முன்வந்தவர் குன்பெய் யோகோய். கேம் & வாட்ச், கேம் பாய் என்ற நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவிகள் எல்லாம் அவர் கைவண்ணம். பழகிப்போன, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் யோசிக்காத இடத்தில் வைப்பதுதான் அவர் வழி.

சிவப்பு எல்.இ.டி. அந்த வழிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. விலை மலிவு, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். பிரகாசமான நீல எல்.இ.டி. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது, அதன் விலை எட்டாத உயரத்தில். மூன்று நிறமும் வேண்டுமென்றால் இந்தக் கருவியே பிறந்திருக்காது. கருப்பும் மூன்று அளவுச் சிவப்பும் என்று நிறுத்திக்கொண்டதால்தான், ஆறு ஏஏ பேட்டரியில் ஓடக்கூடிய, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டக்கூடிய ஒன்றை 1995-இல் 15,000 யென்னுக்கு விற்க முடிந்தது. அமெரிக்காவில் 179.95 டாலர். அதற்குள் 20 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் என்.இ.சி. வி810 செயலியும் இருந்தது.

சிவப்பைக் குறை சொல்பவர்கள் கருப்பைக் கவனிப்பதில்லை. விளக்கு எரியாத இடம் நிஜமாகவே கருப்பு. அந்தக் காலத்து எல்.சி.டி. திரைகளில் கருப்பு என்பது சாம்பல்தான். இங்கே படச்சட்டம் தெரியாது, திரையின் ஓரம் தெரியாது. இருட்டில் பொருள்கள் மிதக்கும். ஆழம் அவ்வளவு உறுதியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். சிவப்பு அந்தக் கருப்புக்குக் கொடுத்த விலை. என்னைக் கேட்டால் நியாயமான விலை.

மேசைமேல் நிற்கும் அந்த விசித்திரமான வடிவமும் இப்படித்தான் வந்தது. தலையில் மாட்டும் கருவியாகத்தான் யோசனை தொடங்கியது. பாதுகாப்பு பற்றிய தயக்கங்கள் சேரச் சேர அது தாங்கியில் ஏறி மேசைக்குப் போனது. ஜப்பானில், பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரையே பொறுப்பாக்கும் பொருள் பொறுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 ஜூலை 1-இல். வர்ச்சுவல் பாய் வெளிவந்தது ஜூலை 21-இல். ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம் என்ற எச்சரிக்கையும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லும் வசதியும் எவ்வளவு கவனத்தோடு சேர்க்கப்பட்டன என்பது இயக்கியதுமே தெரிகிறது. ஆனால் விளைவு என்ன? கையடக்கமும் இல்லை, டிவியோடு சேர்வதும் இல்லை. குனிந்து முகத்தைப் பதித்துக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க ஒருவர் மட்டும் விளையாட வேண்டும்.

விற்பனைக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. இந்தக் கருவியின் சிறப்பை யாருக்கும் காட்ட முடியாது. பத்திரிகையில் அச்சிட்டால் தட்டையான சிவப்புப் படம். டிவி விளம்பரத்திலும் அதேதான். முகத்தை வைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே ஆழம் தெரியும். பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு எதுவும் தெரியாது. போட்டி விளையாட்டுக் கருவிகளான பிளேஸ்டேஷனும் சேகா சாட்டர்னும் முந்தைய ஆண்டே ஜப்பானில் வந்து, கடை வாசலில் நின்றாலே வாய் பிளக்கவைக்கும் வண்ணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தன. 'வர்ச்சுவல்' என்று பெயரிலேயே மெய்நிகர் உலகத்தை வாக்களித்துவிட்டு இதை அவற்றின் பக்கத்தில் வைத்தது பெரும் அநியாயம். மொத்தம் சுமார் 7,70,000 கருவிகள்தான் விற்றன. ஆட்டங்கள் 22, அதில் ஜப்பானில் வந்தவை 19, வட அமெரிக்காவில் 14. ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. இருவர் சேர்ந்து ஆட இணைப்பு வாய் ஒன்று பெட்டியிலேயே இருக்கிறது. அதற்கான கேபிளை நிண்டெண்டோ வெளியிடவே இல்லை.

யோகோய் 1996-இல் நிண்டெண்டோவை விட்டு வெளியேறி, சொந்தமாக கோட்டோ என்ற நிறுவனம் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வேலை செய்தார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார். வர்ச்சுவல் பாயை அவருடைய தோல்வி என்று ஒரே வரியில் எழுதி முடிப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். காட்சிப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அப்படி எழுத முடியாது.

பெட்டியை மூடுவதற்கு முன்பே, பாகங்களைப் பொருத்தி ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். எச்சரிக்கை வாசகம், அதன்பின் கண் தூரத்தையும் குவியத்தையும் சரிசெய்யும் காட்சி. நாலு மூலையிலும் குறிகள் தெளிவாக விழுந்தன, இரண்டு கண்ணிலும் ஒரு கோடு கூட இல்லை. சோதனைக்கு ரெட் அலார்ம் போட்டேன். வெறும் கம்பிக்கோடுகளால் வரைந்த விண்கலச் சண்டை அது. மெல்லிய கோடுகள் கருப்பின் மேல் ஓடுவதால் ஒரு வரி விடுபட்டாலும் உடனே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு வாரியோ லேண்ட். முன்தளத்திலிருந்து வாரியோ எகிறிக் குதித்துத் தூரத்துப் பின்தளத்தில் போய் இறங்கும் இடங்கள் அதில் உண்டு. இரண்டு கண்ணின் படமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல காட்சி இல்லை. சோதனை என்று தொடங்கியது நெடுநேரம் ஆட்டமாகவே தொடர்ந்தது. கண்ட்ரோலரைப் பற்றியும் ஒரு வார்த்தை: இருபுறமும் திசைப் பொத்தான் கொண்ட அந்த வடிவம் கையில் அவ்வளவு இதமாக உட்காருகிறது. டெலிரோபாக்ஸர் என்ற குத்துச்சண்டை ஆட்டத்தில் இரண்டு கைக்கும் தனித்தனியாக வேலை கொடுத்திருக்கிறார்கள், ஆடிப் பாருங்கள்.

இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கண்ணில் விடுபட்ட வரிகளை மற்றக் கண்ணின் படத்தைக் கொண்டு மூளை நிரப்பிவிடும். லேசான கோளாறு இருந்தால் படம் கொஞ்சம் மங்கல் என்று மட்டும் தோன்றும். சரிசெய்யும் காட்சியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பாருங்கள். பிறகு மற்றக் கண். ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு அதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு கண்ணில் கோடு இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பூதக்கண்ணாடியும் நல்ல கத்தி முனையும் இருந்தால் சரிசெய்துவிடலாம்.